ரிஜெக்டாரின் பத்தொன்பது பாட்டுகள்

கைகழுவும் பீங்கான் தொட்டிகளைச் செய்யும் அந்தத் தொழிற்சாலையில், அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே உயிரோடிருந்தது. மற்ற இடங்களிலெல்லாம் அவர் ரிஜெக்டார்.

சூளையிலிருந்து வெந்து ஆறி வரும் ஒவ்வொரு தொட்டியையும் சிறிய மரச்சுத்தியால் விளிம்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, அடியில் ஒன்று எனத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, நல்லதென்றால் நீலக் கோடும் கெட்டதென்றால் சிவப்புப் பெருக்கல் குறியும் போடுவது அவருடைய வேலை. முழுமையான தொட்டி 'ணங்' என்று நீண்டு ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளது 'தொப்' என்று மழுங்கிவிடும். சிவப்புக் குறி போடும்போதெல்லாம் அவர் வாய்விட்டு "ரிஜெக்ட்" என்பார். தரம் பார்ப்பவரை வெறுஞ்சொல்லால் எப்படி அழைப்பது? தொழிலாளர்கள் அச்சொல்லின் முதுகில் 'ஆர்' என்னும் மரியாதை விகுதியை ஏற்றிவிட்டார்கள். முப்பத்தோராண்டுகளாக விகுதி இறங்கவில்லை.

அவருடைய சிவப்புக் குறியோ தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடவில்லை. மைத்துனர் கட்டிய வீடு ரிஜெக்ட். அதன் படிக்கட்டு ஏறுகிறவனைக் கேட்காமலே திரும்புகிறது. தெருமுனைத் தேநீர் ரிஜெக்ட். காது கெடாமலிருக்க நிர்வாகம் கொடுத்த ஆரஞ்சு நிற அடைப்பான்கள் ரிஜெக்ட். அவற்றை மாட்டிக்கொண்டு வேலை செய்யும் சூளைக்காரர்களைப் பார்த்து, "மூக்கப் பொத்திக்கிட்டு பூ வாங்கப் போறானுங்க" என்பார். கடந்த ஆண்டு வீட்டுச் சலவை இயந்திரமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. துவைத்து முடித்ததும் கூவ வேண்டிய இயந்திரம் கூவவில்லை என்று மெக்கானிக்கை இரண்டு முறை வரவழைத்தார்.

"சார், நல்லாத்தான் இருக்கு. பாருங்க, இப்பக்கூட கூவுது."

"எங்கய்யா கூவுது? உன் வாய்தான் கூவுது."

மெக்கானிக் அவருடைய மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தார். மருத்துவமனை ஒன்றின் தொலைபேசி அறையில் நாளெல்லாம் அடுத்தவர் குரல் கேட்டுப் பழகிய அந்த அம்மாளுக்கு, ஒருவர் சொல்லாமல் விட்டதும் தெளிவாகவே கேட்கும். மெக்கானிக் போனதும் அவர் கணவரிடம் ஒன்று சொன்னார். கணவர் இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் ஒதுக்கிய மனிதர் ஒதுக்காத ஒன்று உண்டென்றால் அது 'உலை'. நாற்பதாண்டுகளாக இடி முழக்கமாய் ஹெவி மெட்டல் வாசித்துவரும் ஓர் ஐவர் குழுவுக்கு அதன் ரசிகர்கள் இட்ட செல்லப்பெயர் அது. ஒதுக்கவில்லை என்பதைப் பாராட்டினார் என்று கொள்ளக் கூடாது. பதினேழு வயதில் ஒரு ஒலிநாடாவில் அந்தக் குழுவைக் கேட்ட நாளிலிருந்து அதைக் குறை கூறுவதைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார் என்பதே சரி. ஞாயிறு பிற்பகல்களில் தையற்காரர் ஒருவரின் கடைக்குப் பின்னாலிருந்த அறையில், வெட்டிய துணிகளுக்கும் தலையில்லாத பொம்மைகளுக்கும் நடுவே, ஆறு நடுவயதுக்காரர்கள் கூடி உலையைக் கேட்பார்கள்.

"ஞாயித்துக்கிழமையானா போதும், அவரே அவர் தலைக்கு உலை வெச்சுக்கிட்டு கெளம்பிடுவாரு" என்பார் மனைவி.

அந்தக் கூட்டத்துக்கு ரிஜெக்டார் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: யாரும் 'ஆம்' போட்டுப் பேசக் கூடாது. 'பிரமாதமாம்', 'புது டிரம்மர் பின்னிட்டாராம்' என்று வாய் திறந்தவருக்கு அன்று பாட்டுகளைத் தரம் பிரிக்கும் ஓட்டுரிமை கிடையாது. "ஆம் போட்டுப் பேசுறவனுக்கு வாய் மட்டுந்தான் சொந்தம். காது இரவல்" என்பது அவர் வழங்கிய விளக்கம்.

கூட்டத்துக்கு ஒரு சடங்கும் இருந்தது. உலையின் 'ஏழாம் கதவு' என்ற பாட்டின் தொடக்கத்தில், ஒலிப்பதிவு அறையில் யாரோ தவறவிட்ட ஒரு சாவி சிமெண்டுத் தரையில் விழும். நாலு நொடி மௌனம், 'ணிங்' என்று மெல்லிய ஒலி, பிறகு கிடார். தெரியாமல் விழுந்ததைக் குழு நீக்காமல் விட்டுவிட்டது. அந்த 'ணிங்' கேட்கும் கணத்தில் ஆறு பேரும் வாய் பேசாமல் ஆள்காட்டி விரலை உயர்த்த வேண்டும். உயர்த்தத் தவறியவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கி வர வேண்டும். ரிஜெக்டார் வரிசைப்படுத்திய பட்டியல்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்தது இந்தப் பாட்டு. காரணம் கேட்டால், "அஞ்சு பேரும் வேணும்னு செஞ்சதெல்லாம் தப்பு, தெரியாம செஞ்சது ஒண்ணுதான் சரி" என்பார்.

குழுவுக்கு நாற்பது நிறைந்ததையொட்டிச் சிறு நூல் ஒன்றை அச்சிடக் கூட்டம் தீர்மானித்தது. ஆல்பம் வருவதற்கு முன் தனியாக விடும் பாட்டுகளைச் சிங்கிள் என்பார்கள். உலை விட்ட சிங்கிள்கள் பத்தொன்பது. அவற்றை மோசமானதிலிருந்து சிறந்தது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் சில வரி எழுத வேண்டும். எழுதப்போவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையின் புதிய மேற்பார்வையாளர் அவருடைய மேசைக்கு வந்தார். வயதில் அவருக்குப் பாதி. பேச்சில் பதற்றமில்லாத பெண்.

"சார், போன வருஷம் நூத்துக்கு ஏழு தொட்டி ரிஜெக்ட் ஆச்சு. இப்ப இருபத்திரண்டு ஆகுது."

"தொட்டி அப்படி இருக்கு. மண்ணு கெட்டுப்போச்சு, சூளை கெட்டுப்போச்சு, ஆளுங்க கெட்டுப்போயிட்டானுங்க. நான் என்ன பண்ண?"

"சூளைய ரெண்டு தடவ பாத்தாச்சு சார். அது சரியாத்தான் இருக்கு. திங்கக்கிழமை உங்க சிவப்புக் குறி எல்லாத்தையும் மை மேசைக்கு அனுப்பப் போறேன். மையும் நீங்களும் ஒத்துப்போனா சூளையப் பிரிச்சுடலாம். ஒத்துப்போகலன்னா..."

"ஒத்துப்போகலன்னா?"

"தட்டுற மேசைக்கு வேற ஆளைப் போடணும் சார்."

மை மேசை என்பது கூடத்தின் கோடியில் இருந்தது. தொட்டியின்மேல் கறுப்பு மையைத் தடவி ஈரத்துணியால் துடைத்தால், விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் மை கோடாகத் தங்கும். மெதுவான வேலை. சந்தேகத்துக்குரிய ஒன்றிரண்டை மட்டும் அங்கு அனுப்புவார்கள். ரிஜெக்டாருக்கு அந்த மேசையின்மேல் இருந்த இளக்காரத்தை அளந்து சொல்ல முடியாது. காது இல்லாதவர்கள் உட்காரும் இடம் என்பார். தட்டும் மேசையை விட்டு அங்கே போவதைவிட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் சலவை இயந்திரத்தோடு சண்டை போடலாம்.

சனிக்கிழமை காலை, பழைய பாட்டுகளின் ஒலியைப் புதிதாக மெருகேற்றி வெளியிட்டிருந்த உலையின் வட்டுப் பெட்டியைப் பிரித்து, உணவு மேசையில் கோடு போட்ட தாளோடு உட்கார்ந்தார். தொழிற்சாலையில் எப்படியோ அப்படியே இங்கும்: கெட்டதை முதலில் கழித்தால்தான் நல்லதற்குக் காது துலங்கும் என்பது அவர் கொள்கை. பத்தொன்பதாம் இடத்திலிருந்து தொடங்கினார்.

'மெழுகு இதயம்' என்ற காதல் பாட்டுக்கு இப்படி எழுதினார்: "ஐந்து தடியர்கள் தோல் சட்டைக்குள் வியர்த்துக்கொண்டு ஒரு பெண்ணுக்காக அழுகிறார்கள். அழுகைக்கு இருபது வயலின்கள் துணை. அந்தப் பெண் தப்பித்துவிட்டாள், கேட்டவர்கள் தப்பவில்லை." அதற்கு மேலே 'நாளைய இயந்திரம்': "குழு கணினி வாங்கிய ஆண்டு. டிரம்மரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் நாற்காலியில் ஒரு பெட்டியை உட்காரவைத்தார்கள். பெட்டி ஒரு முறைகூடத் தாளம் தப்பவில்லை. அதுதான் அதன் குற்றம்." அதற்கும் மேலே 'பாம்பின்மேல் பாம்பு': "பாம்பு என்ற சொல் முப்பத்துநான்கு முறை வருகிறது. நான் எண்ணினேன். பாடியவரும் எண்ணியிருந்தால் நிறுத்தியிருப்பார்."

பதினான்காம் இடத்தில், பிரிந்த குழு மறுபடி சேர்ந்தபோது விட்ட 'மீண்டும் கொதிக்கிறோம்': "பதினோராண்டு கழித்துச் சேர்ந்திருக்கிறார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பது முதல் நிமிடத்திலேயே விளங்கிவிடுகிறது." ஒன்பதில் 'கறுப்புப் பனி': "நடுவில் கிடார் மட்டும் ஏழு நிமிடம். முதல் நிமிடம் திறமை. மிச்ச ஆறும், 'பார்த்தாயா, பார்த்தாயா' என்ற நச்சரிப்பு." மூன்றாம் இடத்துக்கு 'எலும்பு ஆலை' வந்தது. "கிட்டத்தட்ட நல்ல பாட்டு. முடிவில் பாடகர் ஆலைச் சங்குபோல் ஊதுகிறார். முப்பத்தோராண்டு ஆலைச் சங்கு கேட்டவன் சொல்கிறேன், சங்குக்குச் சுருதி உண்டு."

எழுத எழுத மனம் லேசாயிற்று. ஆனால் ஒரு நெருடல் இருந்தது. எல்லாப் பாட்டிலுமே டிரம்மர் அடிக்கும் பித்தளைத் தட்டான சிம்பலின் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. மெருகேற்றுகிறேன் என்று பாட்டைச் சுரண்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். இனி எஞ்சியது முதலிடம். 'ஏழாம் கதவை' ஓடவிட்டு, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, கண்களை மூடினார்.

நாலு நொடி மௌனம். கிடார்.

மறுபடி வைத்தார். மௌனம், கிடார். ஒலியைக் கூட்டினார். பக்கத்து அறையிலிருந்து மனைவி ஓடி வந்தார்.

"என்னங்க இது, ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடுது!"

"சாவிய எடுத்துட்டானுங்க."

"எந்தச் சாவிய? வீட்டுச் சாவி ஆணியிலதானே இருக்கு?"

"பாட்டுல இருந்த சாவிய! நாப்பது வருஷத்துல உருப்படியா இருந்தது அது ஒண்ணு. அதையும் தொடச்சுப் போட்டுட்டானுங்க, வீணாப்போனவனுங்க."

மனைவி ஒலிபெருக்கியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். ஒலியைக் குறைத்துவிட்டுப் போனார்.

ரிஜெக்டார் 'ஏழாம் கதவை' முதலிடத்திலிருந்து அடித்து, பத்தொன்பதாம் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார். மற்ற பதினெட்டும் தகுதியில்லாமலே ஒரு படி ஏறின. 'மெழுகு இதயத்துக்கு' விமோசனம் கிடைத்தது. அடியில் எழுதினார்: "தங்களிடமிருந்த ஒரே நல்லதைக் குப்பை என்று பெருக்கித் தள்ளியவர்களுக்கு இதற்குக் கீழே இடமிருந்தால் அதையும் கொடுத்திருப்பேன்."

மறுநாள் பிற்பகல் தையற்காரரின் அறையில் அவர் தாளை விரித்து, வழக்கப்படி மோசமானதிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே வாசிப்பு நின்றது.

"யோவ், என்னய்யா சொல்ற? கதவு பத்தொன்பதா?" என்றார் தையற்காரர், வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு.

"சாவி இல்லாத கதவு எதுக்கு? புது வட்டுல சாவிய எடுத்துட்டான்."

"எடுக்கலையே அண்ணே" என்றார் கூட்டத்தில் இளையவரான பேருந்து கண்டக்டர். "நேத்து நானும் கேட்டேனே. முன்னவிட பளிச்சுன்னு விழுது."

"உனக்கு எப்பவும் டிக்கெட் கிழிக்கிற சத்தந்தான் கேக்கும். போட்டுக் காட்டு."

தையற்காரர் வட்டைப் போட்டார். ரிஜெக்டார் கைகளைக் கட்டிக்கொண்டு ஒலிபெருக்கியை முறைத்தார். மௌனம். ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. திரும்பினார். ஐந்து விரல்கள் உயர்ந்திருந்தன. அடுத்த கணம் கிடார் இறங்கியது.

"கூட்டுச் சேந்துக்கிட்டு நாடகம் போடுறீங்களா?"

"நாடகம் நாங்க போடலண்ணே" என்றார் கண்டக்டர். சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கியவர் சொல்லியே விட்டார். "போன தடவையே நீங்க எங்க வெரலப் பாத்துட்டுத்தானே உங்க வெரலத் தூக்குனீங்க."

தையற்காரர், "சும்மா இருடா" என்று அதட்டினார். அதட்டலில் மறுப்பு இல்லை என்பதை ரிஜெக்டார் கவனித்தார். அதற்கு மட்டும் அவர் காது கூர்மையாகவே இருந்தது.

ஆனால் முப்பத்தோராண்டு சோதித்துப் பழகிய மனிதர் சோதிக்காமல் எதையும் ஏற்பவர் அல்லர். ஐந்து பேரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். கண்களை மூடச் சொன்னார். நொடி எண்ணி ஏமாற்ற முடியாதபடி, பாட்டைத் தாமே கையிலெடுத்து, ஒரு முறை தொடக்கத்திலிருந்தும் ஒரு முறை நடு மௌனத்திலிருந்தும் ஓடவிட்டார். ஒவ்வொரு முறையும், ஒரே நூலில் கட்டி இழுத்தாற்போல், ஐந்து விரல்கள் ஒன்றாக எழுந்தன. தலையில்லாத பொம்மைகளும் ரிஜெக்டாரும் மட்டுமே கை தூக்கவில்லை.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"எத்தன டீ?" என்றார்.

"அட, விடுய்யா..."

"சட்டம்னா சட்டம். எத்தன?"

தெருவில் நடந்தபோது, ஓராண்டாகச் சிவப்புக் குறி போட்ட தொட்டிகள் அவர் கண்முன் வரிசையாக வந்து நின்றன. நல்ல தொட்டியின் 'ணங்' என்பதில் நீண்டு நிற்கும் மெல்லிய பகுதிதானே சாவியின் 'ணிங்'கும்? அந்தப் பகுதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 'தொப்'தான். அப்படியானால் உடைந்தது எது? மண்ணா, சூளையா, சலவை இயந்திரமா? வழக்கம்போல் தேநீர் மோசமாக இருந்தது. நாக்கிலாவது விரிசல் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சங்கு ஊதுவதற்கு முன்பே அவர் மை மேசையில் இருந்தார். சிவப்புக் குறி போட்டு ஒதுக்கியிருந்த நாற்பத்தொரு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, மை தடவி, துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மேற்பார்வையாளர் வந்து நின்றபோது அவருடைய கைகள் முழங்கை வரை கறுத்திருந்தன.

"மூணு" என்றார். "மூணுலதான் விரிசல். முப்பத்தெட்டும் முதல் தரம்."

மேற்பார்வையாளர் தொட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார். "ஆனா பாருங்க சார், கெட்டது ஒண்ணுகூட உங்கள ஏமாத்திட்டுப் போகல."

"எல்லாத்துக்கும் சிவப்பு போட்டா கெட்டது எப்படிம்மா தப்பிக்கும்? அதுக்குக் காது எதுக்கு? தூணைக்கூட உக்கார வெக்கலாம்." ஆறுதல் சொன்னதற்காக அவரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, மரச்சுத்தியை மேசைமேல் வைத்தார். பதவி போனவரின் முகம் அல்ல அது. மோசமான தொட்டியைக் கண்டுபிடித்தவரின் முகம். "தட்டுற மேசைக்கு வேற ஆளைப் போடுங்க. அவன் காதுல அந்த ஆரஞ்சு சனியனை மாட்டாம சூளைப் பக்கம் விடாதீங்க."

"நீங்க சார்?"

"இங்கயே உக்காந்துக்கறேன். மை தடவுறதுக்கும் இங்க ஒருத்தனுக்கும் துப்பில்ல. துணிய எவ்ளோ தண்ணி சொட்டச் சொட்ட வெச்சிருக்கானுங்க பாருங்க."

மாலையில் வீட்டில் கைகளை எவ்வளவு தேய்த்தும் மை போகவில்லை. மனைவி சோப்பை எடுத்துக் கொடுத்தார். நடந்ததை ரிஜெக்டார் இரண்டு வரியில் சொன்னார்.

"ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார் மனைவி.

"நீ சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல."

"அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்." மனைவி துண்டை நீட்டினார். "எங்க ஆஸ்பத்திரியில வியாழக்கிழமை காது டாக்டர் வராரு. பேரு கொடுத்தாச்சு. மெஷின் குடுப்பாங்க."

"மெஷினா? எப்படியும் ரிஜெக்ட்தான்."

"மாட்டிக்கிட்டு சொல்லுங்க. மாட்டாம சொன்னா உங்க சட்டப்படி ஓட்டு கெடையாது."

அவர் துண்டை வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். மேசையில் உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினார். 'மெழுகு இதயம்' பத்தொன்பதாம் இடத்துக்குத் திரும்ப விழுந்தது. அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி. மற்றவையும் ஏறிய படியை இறங்கின. 'ஏழாம் கதவு' முதலிடத்துக்குப் போயிற்று. அதற்குரிய வரிகளை எழுதத்தான் நேரம் பிடித்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பாட்டைப் பற்றி எழுதியதெல்லாம் அவர் நினைவிலிருந்தது. நினைவிலிருந்து எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் ஒரே ஒரு வரி எழுதினார்.

அச்சுப்படி வந்த அன்று தையற்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, ரிஜெக்டாரின் மனைவியிடம் சொன்னார்: முதலிடப் பாட்டுக்கான வரியில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, அதை அச்சுக்காரரிடம் சொல்லித் திருத்தியாயிற்று. ரிஜெக்டார் படியை வாங்கிப் பார்த்தார். அவர் எழுதியிருந்த ஒரு விகுதியைத் தவறென்று கருதி எடுத்துவிட்டிருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, அவர்கள் திருத்தத்தின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு, விகுதியை இருந்த இடத்திலேயே மறுபடி எழுதிச் சேர்த்தார். நூலில் அது அப்படியே வந்தது:

"ஒன்று: ஏழாம் கதவு. தொடக்கத்தில் ஒரு சாவி விழுகிறதாம்."